அமிர்திக் காட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை ஊரே பார்த்தது. மரம் இல்லாத மலை என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைகளையே தினமும் பார்க்கிறவர்கள் அதை நம்பியும்விடுகிறார்கள். படிக்க வந்த மாணவர்கள், வேலைக்கு வந்தவர்கள், நோயாளியோடு வந்து பரிசோதனை முடிவுக்காக நாள்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் உறவினர்கள் எல்லாரும் கோட்டையையும் பொற்கோயிலையும் பார்த்துவிட்டு, இனிப் பார்க்க எதுவுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தெற்கே 25 கிலோமீட்டர் போனால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. சிறிய காடுதான். அரை நாள் போதும். ஆனால் எப்படிப் போவது, எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் போனால், கூண்டில் மானையும் முதலையையும் பார்த்துவிட்டு, அருவியில் தண்ணீர் இல்லை என்று சலித்துக்கொண்டு திரும்புவீர்கள். பெரும்பாலானோருக்கு நடப்பது அதுதான். அமிர்தியைக் காட்டிலிருந்து தொடங்கக் கூடாது. அந்தக் காடு தண்ணீர் தரும் ஏரியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் தொடங்கி, தண்ணீர் வந்த வழியே மேலே போக வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

எப்போது போவது

வேலூர் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. புதிதாகப் போகிறவர்களுக்கு ஏற்றது அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. ஓடையில் தண்ணீர் இருக்கும், வெயில் பொறுக்கும்படி இருக்கும், வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் வந்திருக்கும். அருவியைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் வேண்டாம்.

மார்ச் முதல் மே வரை வேறு கதை. இது இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு வெறும் கிளையோடு நிற்கும். காடு செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்; வறட்சியில் ஈரத்தை இழக்காமல் இருக்க மரம் செய்யும் ஏற்பாடு அது. அந்த வெறுமையில்தான் புரசு செக்கச் செவேலென்று பூக்கும். சித்திரையில் கொன்றை மஞ்சளாகத் தொங்கும். இவற்றைப் பார்க்க விரும்பி அப்போது போகிறவர்கள் காலை ஒன்பதரைக்குள் நடையை முடித்துக்கொள்ள வேண்டும். வேலூர் வெயில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பாறை சூடேறிவிட்டால் காற்றே அனலாக வீசும். காட்டுத்தீக் காலமும் அதுதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, தமிழ்நாடு முழுவதும் கோடைக்காலக் காட்டு நடைக்குக் கட்டுப்பாடுகள் இறுகிவிட்டன. அனுமதி இல்லை என்று வனத்துறையினர் சொன்னால் வாதாடாதீர்கள்.

போகும் வழி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் பாகாயம், அடுக்கம்பாறை தாண்டிக் கணியம்பாடி வரும். அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை அமிர்திக்குப் போகிறது. போளூர், திருவண்ணாமலை, கண்ணமங்கலம் வழியாக ஆரணி போகும் பஸ்கள் கணியம்பாடியில் நிற்கும். அமிர்திக்கே நேராகப் போகும் டவுன் பஸ்ஸும் வேலூரிலிருந்து உண்டு, அடிக்கடி கிடையாது. ஏறும்போதே கண்டக்டரிடம் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். சாயங்காலம் அமிர்தியில் பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோ கிடைப்பது கடினம், செல்போன் சிக்னலும் எல்லா இடத்திலும் இருக்காது.

இருசக்கர வாகனம் இருந்தால் அதில் போவது நல்லது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பெட்ரோலை வேலூரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பனி விலகும் நேரத்துக்கு ஊர்ப்புறத்தில் இருப்பீர்கள். பூங்கா வாசல் திறக்க இன்னும் நேரம் இருக்கும். அந்த நேரம் உங்களுக்குக் கிடைத்த கொடை. கீழே சொல்லப்போகும் ஏரிக்கரையும் கொல்லையும் அதற்குத்தான்.

போகும்போதே ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சாலையிலேயே இருக்கிறது. காட்டில் ஏதாவது நேர்ந்தால் திரும்பி வரும் வழியில் முதலில் எட்டக்கூடிய பெரிய மருத்துவமனை அதுதான்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். காட்டு ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் மேலே ஆடுமாடு இறங்குவதால் குடிக்க வேண்டாம். கணுக்காலை மூடும் காலணி, முழுக்கால் சட்டை, முழுக்கை மேல்சட்டை, தொப்பி. செருப்போடு போகிறவர்களைச் சூரை முள் விடாது. இலைச்சருகு, மண், பாறை ஆகியவற்றோடு ஒத்துப்போகும் மங்கலான நிறத்தில் உடுத்தினால் பறவைகள் சீக்கிரம் விலகாது. வாசனைத் திரவியம் பூசாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன். உப்பு, சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று, ஒரு விசில், சிறிய டார்ச், ஒரு துணிப்பை. தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சாப்பாட்டை வேலூரிலோ கணியம்பாடியிலோ கட்டிக்கொள்ளுங்கள். இலையில் கட்டிய இட்லியும் புளிச்சோறும் போதும். பூங்காப் பக்கம் கடைகள் விடுமுறை நாட்களை நம்பித்தான் இருக்கின்றன. வார நாளில் அவற்றை நம்ப முடியாது.

முதலில் ஏரிக்கரை

வட ஆற்காட்டுச் சீமையின் விவசாயம் ஏரியால் ஆனது. கணியம்பாடி வட்டாரத்திலும் ஊருக்கு ஊர் ஏரி உண்டு. சாலையோரம் நீளமான மண்கரையும் அதன்மேல் வரிசையாகப் பனைமரமும் தெரிந்தால் அது ஏரிக்கரை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஏறி நில்லுங்கள். ஊர்ப் பெரியவர் யாராவது எதிர்ப்பட்டால், "ஐயா, கொஞ்ச நேரம் கரையில் நடந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்பவர் அரிது. எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று பதிலுக்குக் கேட்பார். பொறுமையாகச் சொல்லுங்கள். இந்த ஏரி எப்போது கடைசியாக நிரம்பிக் கோடி போயிற்று என்று நீங்கள் கேட்டால் அவர் பேச்சு பெருகும்.

கரைமேல் நின்று மூன்றைத் தேடுங்கள். ஒன்று, மதகு, அது தண்ணீரைக் கழனிக்கு அனுப்பும் வாசல். இரண்டு, கோடி, ஏரி நிரம்பி மிஞ்சிய தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் இடம். மூன்று, வரத்துக் கால்வாய்; மலையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பது. முதல் இரண்டும் சுலபமாகக் கண்ணில் படும். மூன்றாவது பல ஊர்களில் சீமைக்கருவேலம் மண்டியோ வீடுகள் எழுந்தோ மறைந்து கிடக்கும். கரையின் ஒரு பக்கம் பசுமையான கழனி, மறுபக்கம் நீர்ப்பரப்பு, அதற்கு அப்பால் தொலைவில் நீலமாக ஜவ்வாது மலை. இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டால், மேலே இருக்கும் காடு எதற்காக என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர் இருக்கும் பருவத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருக்கும். முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழும். நத்தைகுத்தி நாரை சேற்றில் நத்தை தேடும். ஏரி உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களில் கொக்குகள் அடைந்திருக்கும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் மங்கலான பழுப்புப் பறவையைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பறக்கும்போது இறக்கை முழுக்க நீலம் பளிச்சிட்டால் அது பனங்காடை.

ஏரிக்கு அப்பால் கொல்லைமேடு. ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, ஐப்பசியில் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். வாழை, கரும்பு, தென்னை, பூச்செடிகளையும் கிணற்றுப் பாசனத்தில் பார்க்கலாம். வரப்பில் நடக்கலாம், பயிருக்குள் இறங்கக் கூடாது. இங்கே இரண்டு ஆபத்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கொல்லைக் கிணறுகள் பெரும்பாலும் சதுரமாக, ஆழமாக, கைப்பிடிச் சுவர் இல்லாமல் இருக்கும். ஓரத்தில் புதர் வளர்ந்து மறைத்திருக்கும். குழந்தைகளைக் கையைப் பிடித்தே அழைத்துச் செல்லுங்கள். அடுத்தது மின்வேலி. காட்டுப்பன்றிக்குப் பயந்து சிலர் சட்டத்துக்கு விரோதமாக நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். இதனால் ஆட்களும் விலங்குகளும் மாண்டிருக்கிறார்கள். காட்டோர நிலத்தில் தாழ்வாக ஒற்றைக் கம்பி ஓடுவதைக் கண்டால் தொடாதீர்கள், தாண்டாதீர்கள், இருட்டிய பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கானாற்றைப் பின்தொடர்ந்து

இனி ஆறு. அமிர்தி மலைப்பகுதியில் பிறக்கும் நாகநதி கண்ணமங்கலம் பக்கமாக ஓடி, ஆரணிக்கு அருகே கமண்டல நதியோடு சேர்ந்து கமண்டலநாகநதி ஆகிறது. அது செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு காஞ்சிபுரத்துக்குக் கீழே திருமுக்கூடலில் பாலாற்றைச் சேர்கிறது. அதாவது வேலூருக்கு மிக அருகே பிறந்தும் இந்தத் தண்ணீர் வேலூரைத் தொடாமல், சுற்றிக்கொண்டு போய்த்தான் பாலாற்றை எட்டுகிறது. அமிர்தியில் ஒரு மரத்தடியில் விழும் மழைத்துளி எத்தனை ஊர்க் கிணறுகளைக் கடந்து போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பின்தொடர்ந்து பாருங்கள். பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் இதைக் கிளம்புவதற்கு முந்தைய இரவே செய்துவிட்டால், மறுநாள் அவர்களுக்குக் காடு வேறு மாதிரி தெரியும்.

ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு இது. பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த நாகநதியை மீட்க, வேலூர், திருவண்ணாமலை மாவட்டக் கிராமத்துப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆற்றிலும் ஓடைகளிலும் மீள்நிரப்புக் கிணறுகளும் கல் தடுப்பணைகளும் கட்டினார்கள். வெள்ளம் வேகமாக ஓடிவிடாமல் மெதுவாக நின்று நிலத்துக்குள் இறங்குவதற்கான ஏற்பாடு. 2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையிலேயே இந்தப் பெண்களின் உழைப்பைக் குறிப்பிட்டார். ஓடைப் படுகையில் சிமெண்ட் உறைகள் இறக்கிய கிணறு வாயைக் கண்டால் குப்பைத் தொட்டி என்று நினைத்து எதையும் போட்டுவிடாதீர்கள். வெயிலில் மண் சுமந்த கைகளின் வேலை அது.

ஓடையோரம் நடக்கும்போது மரங்கள் மாறுவதைப் பாருங்கள். கொல்லைப் பக்கம் வேம்பும் புளியும் இருந்தன. இங்கே புங்கன், நாவல், அத்தி, அவற்றுக்கு நடுவே வெளிர்ந்த பட்டையோடு வானத்தை எட்டும் நீர்மருது. நிலத்துக்குள் ஈரம் எங்கே ஓடுகிறது என்பதை இந்த மரங்களே காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரே கண்ணில் படாத இடத்திலும் நீர்மருது வரிசையாக நின்றால் மணலுக்கடியில் ஊற்று இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு விதியை மறக்கவே கூடாது. உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்தாலும் மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ அந்தக் கணமே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். பையையும் செருப்பையும் எடுக்க நிற்காதீர்கள். பாறைக்குழிகளில் நீந்த இறங்க வேண்டாம். பாசி படிந்த பாறையும் ஆழம் தெரியாத மடுவும் நல்ல நீச்சல்காரரையும் வீழ்த்தும்.

வாசலில்

அமிர்தி வன உயிரினப் பூங்கா 1967-ல் தொடங்கப்பட்டது. பரப்பு சுமார் 25 ஹெக்டேர். வாரம் ஒரு நாள் விடுமுறை. எந்த நாள் என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அருவிப் பக்கம் போக இன்று அனுமதி உண்டா? எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? மழை, வெள்ளம், தீ ஆகியவற்றைப் பொறுத்து பதில் நாளுக்கு நாள் மாறும். இணையத்தில் யாரோ போன வருடம் எழுதியதைக் காட்டி வனக்காப்பாளரிடம் வாதாடுவதில் பயனில்லை.

பூங்காவைச் சுற்றியிருப்பது காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். வேறு எங்கும் இல்லாத கெடுபிடி இங்கே ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். காரணம் சந்தனம். ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர்போனது. அதனாலேயே பல பத்தாண்டுகளாகக் கடத்தல்காரர்கள் வெட்டிவந்த மலையும் இதுதான். அந்நியர்கள் தடம் விட்டு அலைந்தால் வனக்காவலர்கள் நிறுத்தி விசாரிப்பது அவர்கள் கடமை. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தி, அரிவாள் எதையும் கொண்டு போகாதீர்கள். மலை ஏறும் நீண்ட நடைக்கு ஆசை இருந்தால் வனத்துறை நடத்தும் முறையான மலையேற்றப் பாதைகளில், வழிகாட்டியோடு, முன்பதிவு செய்து போகலாம்.

கூண்டுகளை முதலில் பார்ப்பதா, கடைசியிலா? கடைசியில் என்பது என் உறுதியான கருத்து. காலை நேரத்தைக் காட்டுக்குக் கொடுங்கள். மானும் மயிலும் முதலையும் பத்து மணிக்கும் அங்கேயேதான் இருக்கும். காட்டுப் பறவைகள் இருக்காது.

காட்டுக்குள்

முதல் பத்து நிமிடம் நடக்காமல் ஓரிடத்தில் நில்லுங்கள். பேச வேண்டாம். நீங்கள் வந்த சத்தத்தில் அடங்கிய காடு மெல்ல மறுபடி பேசத் தொடங்கும். சருகைக் கிளறும் தவிட்டுக்குருவிக் கூட்டம் முதலில் வரும். எங்கிருந்தோ குக்குறுவான் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். செம்போத்தின் குரல் புதருக்குள்ளிருந்து ஆழமாக எழும். குளிர்காலத்தில் ஓடையோர நிழலில் நீண்ட வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் பறப்பதைப் பார்க்க வாய்த்தால் அன்றைய பயணம் நிறைந்தது. விலங்குகளைப் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அவற்றின் தடத்தைப் பார்க்கலாம்: மானின் குளம்படி, காட்டுப்பன்றி உழுதுபோட்ட மண், எங்கோ உதிர்ந்து கிடக்கும் ஒரு முள்ளம்பன்றி முள். அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எல்லா மரத்தையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ள முயலாதீர்கள். நான்கைந்து போதும். உசிலை: சின்னச் சின்ன இலைகள் இறகுபோல் அடுக்கிய மரம். சந்தையில் தலைக்குத் தேய்க்க விற்கும் அரப்பு இதன் இலைப்பொடிதான். வெப்பாலை: இலையைக் கிள்ளினால் பால் வடியும், காய்கள் இரட்டையாக, நுனி ஒட்டியபடி தொங்கும். சித்த வைத்தியத்தில் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுவது இதன் இலையில். எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கருநீலமாகச் சாயம் இறங்கும். நெல்லியைச் சொல்ல வேண்டியதில்லை. கீழே விழுந்த காயை ருசி பார்க்கலாம்; கிளையை வளைத்துப் பறிக்காதீர்கள், மானுக்கும் அது உணவு. கொன்றையைப் பூவில்லாத காலத்தில் கைநீளக் கரிய காய்களை வைத்து அறியலாம்.

எட்டியைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. பார்க்க ஆரஞ்சுபோல அழகாக உருண்டு பழுத்திருக்கும். விதை கொடிய நஞ்சு. குழந்தைகள் கையில் எடுத்தால் வாங்கி எறிந்துவிட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள். இன்னொன்று பூனைக்காலி. கொடியில் பொன்னிறப் பட்டுமயிர் போர்த்திய காய். தொட்டால் அரிப்பு மணிக்கணக்கில் தாங்காது. கள்ளியை ஒடித்து விளையாடாதீர்கள்; பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

பாதையோரத்தில் எங்கு பார்த்தாலும் மஞ்சளும் ரோஸும் கலந்த பூக்கொத்தோடு நிற்பது உன்னிச்செடி. அழகாக இருக்கிறது என்று படம் எடுப்பார்கள். அயல்நாட்டிலிருந்து வந்து நம் காட்டுத் தரையை மூடி, புல்லையும் இளங்கன்றையும் முளைக்கவிடாமல் செய்கிற செடி அது. உன்னி மண்டிய இடத்தையும் அது இல்லாத இடத்தையும் அருகருகே பாருங்கள். தரையில் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஓரிடத்தில் குனிந்து சருகை விலக்கி மண்ணைக் கையில் எடுங்கள். பாம்பு, தேள் இருக்கலாம். வெறும் கையை நுழைக்காமல் ஒரு குச்சியால் முதலில் புரட்டுங்கள். மேலே காய்ந்த இலை, அதற்குக் கீழே பாதி மக்கிய இலை, அதற்கும் கீழே கருத்த ஈர மண். மழை பெய்து பல நாள் ஆனாலும் அந்த மண்ணில் குளிர்ச்சி இருக்கும். இப்போது பக்கத்துப் பாறையைத் தொட்டுப் பாருங்கள். பாறையில் விழுந்த மழை அன்றே ஓடி ஆற்றில் கலந்துவிட்டது. இந்த மண்ணில் விழுந்த மழைதான் தை மாதத்திலும் கீழே கிணற்றில் ஊறுகிறது. காலையில் ஏரிக்கரையில் பார்த்த மதகுக்கும் இந்தச் சருகுக்கும் உள்ள உறவை இங்கே குனிந்து தொட்டால்தான் உணர முடியும். சருகைக் கொளுத்துகிறவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்துக்குக் காரணமும் இதுதான். ஒரு பீடித் துண்டு போதும், பல பருவங்களின் சேமிப்பு ஒரு மத்தியானத்தில் போய்விடும்.

அச்சமும் எச்சரிக்கையும்

பாம்பு இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் இந்த வட்டாரத்தவைதான். பாதையை விட்டு விலகாமல், காலடியைப் பார்த்து, தடியைத் தட்டி நடந்தால் பெரும்பாலும் அவையே விலகிவிடும். மரத்துண்டைத் தாண்டும்போது முதலில் அதன்மேல் ஏறி, மறுபக்கம் பார்த்துப் பிறகு இறங்குங்கள். கடித்துவிட்டால் கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் கிடைத்த வண்டியில் அடுக்கம்பாறைக்கு விரையுங்கள். நஞ்சுமுறி மருந்து ஒன்றே உயிர் காக்கும்.

பாறை இடுக்குகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் மலைத்தேனீக் கூடு கரிய திரையாகத் தொங்கும். வாசனைத் திரவியம் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். புகை, கல்லெறி, கூச்சல் மூன்றும் கூடாது. கலைந்து வந்தால் கையை வீசாமல், துணியால் முகத்தை மூடிக்கொண்டு நில்லாமல் ஓடுங்கள். ஜவ்வாது மலையில் கரடியும் உண்டு. அதிகாலை, அந்தி நேரங்களில் தனியாகப் போகாதீர்கள், சிறு குகை வாய்களை எட்டிப் பார்க்காதீர்கள்.

குரங்குக்குத் தின்பண்டம் கொடுப்பவர்களைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள். கையிலிருந்து வாங்கிப் பழகிய குரங்கு நாளைக்கு ஒரு குழந்தையின் கையைக் கடித்துப் பிடுங்கும். பிளாஸ்டிக் எதுவும் அங்கே தங்கக் கூடாது. துணிப்பை எடுத்து வரச் சொன்னது உங்கள் குப்பைக்கும், வழியில் கிடக்கும் மற்றவர் குப்பை கொஞ்சத்துக்கும் சேர்த்துத்தான்.

திரும்பும் வழியிலும், அடுத்த முறைக்கும்

மத்தியானம் ஒரு மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்து, கூண்டுகளைப் பார்த்து, நிழலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். வழியில் கொல்லையோரம் காய்கறி விற்பவர்கள் இருந்தால் வாங்குங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் விடவே வேண்டாம். வேலூர் முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்தது. காம்பில் முள் குத்தும், பார்த்து எடுங்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் அதன் அருமை தெரியும்.

ஒரு முறை போய்வந்த பிறகு மலைமேலே இருப்பதையும் பார்க்க ஆசை வரும். ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தைக்கும், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கும் போகலாம். மேலே வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள்; கேரளத்து மலையாளிகள் அல்ல. சாமையும் தேனும் புளியும் அவர்களிடமே நேரடியாக வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகவே அந்தக் காட்டு மேட்டைத் தேர்ந்தார்கள். பார்வையாளருக்கு ஒதுக்கிய நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

அறைக்குத் திரும்பியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உடுத்தியிருந்த துணியை வாசலிலேயே கழற்றி வெந்நீரில் ஊறப்போடுங்கள். கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்து, சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிதில் தீரும்.